பரண்மேல் கிடக்கும் மடிக்கணினிகள்

(வெள்ளி விழாவின் பிற்பகல் அமர்வில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

காலை அமர்வில் உயர்கல்வி, இட ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு ஆகியன பற்றி அறிஞர் பெருமக்கள் ஆழ்ந்து உரையாற்றினார்கள். உணவு இடைவேளைக்குப் பின் பேச அழைக்கப்படுவோர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. அவையோரை உறங்கவிடாமல் காத்தல் ஒன்று. தாமும் நீட்டிப் பேசாதிருத்தல் மற்றொன்று. ஆதலின் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் சிறியதே. நம் வீடுகளில் பரண்மேலும், இரும்புப் பெட்டிக்குள்ளும், அரிசி மூட்டையின் பின்னும் உறங்கிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளை மீண்டும் எழுப்புவது எவ்வாறு என்பதே அது.

வெள்ளி விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணலாம். 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியிருந்தவை ஒரு பலகையும், அமர ஓரிடமும், கற்பிக்க ஓர் ஆளும். இன்று பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பாடநூலும் விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் பொறியியற் கல்லூரியில் சேர விரும்பினால் விண்ணப்பம், கட்டணம், விருப்பக் கல்லூரித் தேர்வு யாவும் இணையத்தின் வழியே. கல்வி உதவித்தொகை இணையத்தில். சாதிச் சான்றிதழ் இணையத்தில். தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவு இணையத்தில். முற்காலத்தில் எழுதுபலகை இல்லாதவன் எவ்வாறு வகுப்பின் வெளியே நின்றானோ, அவ்வாறே இன்று திரையொன்று இல்லாதவன் வெளியே நிற்கிறான்.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒன்று. அதுவும் தந்தையோடு செங்கல் சூளைக்கோ, தாயோடு கரும்பு வெட்டவோ போய்விடுகிறது. உள்ளங்கை அளவு திரையில் இருபது பக்க விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்புவது எளிதன்று. ஆகவே நம் பிள்ளைகள் கடைத்தெருவில் உள்ள கணினி மையங்களுக்குச் செல்கிறார்கள். அங்கே இருக்கை அவர்களுக்கு இல்லை; தட்டச்சு செய்பவர் வேறொருவர். கடவுச்சொல்லை அவரே வைத்துக்கொள்வார். கைப்பேசி எண்ணும் சில வேளைகளில் அவருடையதாகவே பதிவாகும். மறுமுறை சென்றால் கடை பூட்டியிருக்கும். பிறந்த நாளில் ஓர் இலக்கம் மாறிப் பதிவாகியதால் உதவித்தொகை ஓராண்டு நின்றுபோன மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். பிழை யாருடையது என்று கேட்டு அவர்கள் எங்கும் போக முடியவில்லை.

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் இவ்வூரில் நிகழ்ந்ததை இவ்வவையில் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. செய்தியாளர்களும் அமைச்சர்களும் வந்தார்கள், சென்றார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்னும் அறிவிப்பும் வந்தது. வரவேற்கிறோம். ஆயினும் எந்த அறிவிப்பும் வீட்டு வாயிலுக்குத் தானாக நடந்து வருவதில்லை. அதற்கும் பிள்ளைக்கும் இடையே சான்றிதழ்கள், எண்கள், படிவங்கள் என்று ஒரு வரிசை நிற்கிறது. முன்பு அந்த வரிசையில் தந்தை நின்றார். இப்பொழுது பல வீடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையே நிற்கிறது. அப்பிள்ளையின் கையில் தன்னுடையதென்று சொல்ல ஒரு கருவி இருக்கவேண்டும் என்பதற்காகவே நாம் இப்பொருளை எடுத்தோம்.

நிற்க. அக்கருவி நம்மிடம் இல்லையா? இருக்கிறது. அண்ணா பிறந்தநாளாகிய 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் செயலலிதா அவர்கள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அடுத்து வந்த எட்டு, ஒன்பது ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 இலட்சத்தை எட்டும் அளவில் மடிக்கணினிகள் எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்து வழங்கப்பட்டன. இவற்றுள் நம் தெருக்களுக்கு வந்தவை எத்தனை என்று எண்ணியவர் இல்லை. எனினும் ஒரு தெருவில் நின்று கேட்டால் நாலைந்து வீடுகளிலாவது, "இருக்கிறது ஐயா, ஓடவில்லை" என்னும் விடை வரும்.

சிலர் விற்றார்கள், சிலர் அடகு வைத்தார்கள். விற்பனைக்கு அன்று என்று மேலே எழுதியிருந்தும் வாங்குவோர் வாங்கினார்கள். இதனைச் சொல்லி நம் மக்களை ஏளனம் செய்தோரை நாம் அறிவோம். மருத்துவமனைக்குச் செல்லப் பணமில்லாதவர் வீட்டில் உள்ள பொருள்களில் விலைபோகும் ஒன்றைத் தூக்கிச் சென்றார் என்பதில் ஏளனத்திற்கு என்ன இருக்கிறது? விற்காமல் வைத்திருந்தோரே மிகுதி. துணியில் சுற்றி, திருமணப் புகைப்படத் தொகுப்போடு வைத்துக் காத்திருக்கிறார்கள். அவ்வாறு காத்ததைப் பயன்படுத்தும் வழிதான் தெரியவில்லை.

நாம் பயின்றது வரலாறு, கணினியன்று. பி.எட். பயின்ற காலத்தில் எமக்குக் கற்பித்த உயர்ந்த கருவி, மேல்நிலை ஒளிவீழ்த்தி ஒன்றே. ஆகையால் இங்கு நாம் கூறுவன யாவும் எம் மாணவர்களிடமிருந்தும், பொறுமையுடன் விளக்கிய பழுது நீக்குநர் ஒருவரிடமிருந்தும், பத்துக்குக் குறையாத மடிக்கணினிகளைத் திறந்து மூடியதிலிருந்தும் கற்றவை. கணினியியல் படித்தோர் அவையில் இருந்தால் விட்டதை எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

முதலில், "ஓடவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அறிதல் வேண்டும். உயிரே இல்லாத கணினி வேறு. உயிரிருந்தும் அசையாத கணினி வேறு. உயிர் இல்லையெனில் பெரும்பாலும் குற்றம் மின்னூட்டியில் இருக்கும். அல்லது மின்கலத்தில் இருக்கும். கம்பி நைந்துபோன மின்னூட்டியை மாற்றிப் பார்த்தாலே சில கணினிகள் விழித்துக்கொள்ளும். பழைய மடிக்கணினிகளில் மின்கலத்தைத் தனியே கழற்றலாம். கழற்றிவிட்டு மின்னூட்டியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். மின்கலம் செத்திருந்தாலும் கணினி ஓடும்; மின்சாரம் நின்றால் அணையும், அவ்வளவே. ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் அதனைத் தொடர்ந்து பயன்படுத்துதல் கூடாது. குத்திப் பார்ப்பதும், வெயிலில் வைப்பதும், குப்பையோடு எரிப்பதும் பேராபத்து. தீப்பிடிக்கும் தன்மையுடையது அது. தனியே எடுத்து, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இன்னொரு நோய் வேடிக்கையானது. கணினி ஓடும், இணையமும் கிடைக்கும், ஆயினும் அரசுத் தளம் எதைத் திறந்தாலும், "இணைப்பு பாதுகாப்பற்றது" என்று மறுக்கும். மூலையில் உள்ள நாளைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னே நிற்கும். உள்ளே இருக்கும் காசளவு மின்கலம் தீர்ந்துபோனதால் வந்த வினை இது. இணையத்தளங்கள் தம் அடையாளச் சான்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லத்தக்கதாக வைத்திருக்கின்றன. கணினியின் நாள் தவறாயின் அச்சான்று செல்லாததாகத் தோன்றும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிறு மின்கலம் ஒன்றை, அதே வகை எண் பார்த்து மாற்றினால் தீர்ந்தது. அதற்கு வசதியில்லையேல் திறக்கும்போதெல்லாம் நாளைத் திருத்திக்கொள்ளலாம்.

சில மடிக்கணினிகள் திறந்தவுடனே, பூட்டப்பட்டுள்ளது என்று கூறி ஓர் எண்ணைக் கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அதனை உடைத்துத் தருவதாகக் கூறுவோரிடம் செல்லாமல், வழங்கிய பள்ளியை அணுகிக் கேட்பதே முறை.

இனி, உயிரிருந்தும் அசையாத கணினிக்கு வருவோம். நம் வீடுகளில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையே. பொத்தானை அழுத்திவிட்டுச் சோறு வடித்து வந்தாலும் திரை வந்திராது. இதற்கு மூன்று காரணங்கள்.

வெப்பம் ஒன்று. பக்கவாட்டுத் துளையில் பல ஆண்டுத் தூசி, பஞ்சுபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். சூடேறிய சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சூடு மிஞ்சினால் அணைந்துவிடுகிறது. பின்மூடியைத் திறந்து, விசிறி சுழலாதவாறு ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை நீக்குதல் வேண்டும். சில்லின் மேல் பூசிய வெப்பக் களிம்பு உலர்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டளவு இடவேண்டும். இதில் திருகுகள் தொலைவதுதான் பெருந்தொல்லை. எம் மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து இட்டிலித் தட்டைக் கொண்டு வந்து, எந்த மூலைத் திருகு எந்தக் குழியில் என்று வரிசையாக இட்டு வைத்தாள். அன்று முதல் எம் பள்ளியில் கணினி திறப்பதென்றால் இட்டிலித் தட்டு இல்லாமல் திறப்பதில்லை.

இரண்டாவது, நினைவகம், கடையில் ரேம் என்று கேட்டால் தருவார்கள். மூன்றாவது, வன்தட்டு. இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் கூத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. எம் தலைமையாசிரியர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் என்பது எம் மேசை. வன்தட்டு என்பது நடைக்கூடத்தின் கோடியில் உள்ள அலமாரி. மேசைமேல் உள்ள கோப்பை உடனே புரட்டலாம். மேசை சிறிதாக இருந்து கோப்புகள் மிகுந்தால், எழுத்தர் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வரவேண்டும். நாள் முழுதும் அவர் நடந்துகொண்டே இருப்பார், வேலை நடவாது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. 2011-இல் அம்மேசை போதும். இன்று ஒரே ஓர் இணையப் பக்கம் மேசையின் கால்பங்கை அடைத்துக்கொள்கிறது.

அலமாரியின் குறையும் சிறிதன்று. பழைய வன்தட்டு என்பது, நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் ஒரு தட்டும், அதன்மேல் இங்குமங்கும் ஓடும் ஒரு முள்ளும் ஆகும். பழைய இசைத்தட்டைப் பார்த்தோர்க்கு இது விளங்கும். வேண்டிய துணுக்கு தட்டின் எப்பக்கம் இருந்தாலும் முள் அங்கே ஓடிச் சென்று, அது சுழன்று கீழே வரும்வரை காத்திருக்கவேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும், காத்திருப்பு பெருகும். "டக், டக்" என்று ஓசை எழுந்தால் முள் தளர்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் உடனே வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும்.

இவ்வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் உறுப்பு ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைத் தட்டைப் பொருத்துவதே, நாம் கண்ட மருந்துகளில் தலையாயது. அதில் முள்ளும் இல்லை, ஓட்டமும் இல்லை. எவ்விடத்துச் செய்தியும் நொடியின் மிகச் சிறு பகுதியில் வந்து சேரும். இரண்டரை அங்குல வகையில், சாட்டா இணைப்புடன், பழைய தட்டு இருந்த இடத்திலேயே இது பொருந்தும். 120 அல்லது 240 ஜிபி கொள்ளளவே மாணவர்க்குப் போதும். நாலைந்து நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி ஒரு நிமிடத்திற்குள் எழுவதைக் காணலாம். நினைவகத்தையும் 4 ஜிபி ஆக்கினால் நன்று. ஆனால் டிடிஆர்-3, டிடிஆர்-4 என்று வகைகள் உள. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துச் சென்று காட்டி வாங்குதல் நலம். இவற்றின் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் இங்குத் தொகை கூறவில்லை. கையில் உள்ள பணம் ஒன்றுக்கே போதுமென்றால் முதலில் தட்டை மாற்றுக, பின்னர் நினைவகம்.

ஒன்றுக்கும் பணம் இல்லையே என்போர் மனம் தளர வேண்டா. இனிச் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

உறுப்புகளைப் போலவே இயங்குதளத்திற்கும் முதுமை உண்டு. தொடக்க காலத்து மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் என்னும் குறைந்த பதிப்பு இருந்தது. அது 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை ஏற்காது. அதாவது, வயிற்றைக் குலைத்து நினைவகம் வாங்கிப் பொருத்தினாலும் அப்பதிப்பு அதனைத் தொடாது. திரையின் பின்புலப் படத்தை மாற்றும் உரிமையைக்கூட அது தரவில்லை. ஏழைக்கென்று செய்தால் இதையும் குறைப்பார்கள் போலும்! விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 சனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. குரோம் உலாவியும் 2023-இன் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. பின்னர் வழங்கப்பட்ட கணினிகளில் உள்ள விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிவு வந்தது. கேட்டுப் பதிவு செய்தோர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு 4 ஜிபி நினைவகம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள புதிய செயலி ஆகியன வேண்டுமாம். நம் பழைய மடிக்கணினிகள் அவ்வாயிலில் நுழையமாட்டா.

கடையில் கேட்டால், "விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு உரிமமில்லாத படியை ஏற்றித் தருவார்கள். அதனோடு என்னென்ன வந்து ஒட்டும் என்பது அவர்க்கும் தெரியாது. வங்கி எண்ணும் ஆதார் எண்ணும் இடப்போகும் கணினியில் இதனைச் செய்தல் தகாது.

வழி வேறொன்று உண்டு. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்சு தொடங்கி வைத்த லினக்ஸ் என்னும் தளம், இன்று உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்து, எவரும் விலையின்றிப் பெறவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும், திருத்தவும் உரிமையளிக்கிறது. நம் மாநிலத்திற்கு இது புதிதன்று. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக உமாசங்கர் அவர்கள் இருந்தபோது, 2007-ஐ ஒட்டி, அந்நிறுவனத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிக் கணினிகளுக்கும் கொண்டு சென்றார். நமக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளிலும் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் ஓர் ஓரத்தில் வைக்கப்பட்டே இருந்தது. அதை ஏன் வைத்தார்கள் என்று மாணவர்க்கு விளக்க ஆளில்லை. ஆசிரியர்க்கே விளக்கவில்லை என்பதுதான் உண்மை.

லினக்ஸில் பல பதிப்புகள் உள. 2 ஜிபி நினைவகத்திற்கு ஆன்டிஎக்ஸ் அல்லது லுபுண்டு. 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய 32 பிட் சில்லு என்றால் இவற்றுள் ஆன்டிஎக்ஸ் ஒன்றே இடம் தரும். 32 பிட் விண்டோஸ் இருப்பதனாலேயே சில்லும் அவ்வகை என்று முடிவு கட்ட வேண்டா. பெரும்பாலும் சில்லு 64 பிட் ஆகவே இருக்கும். ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏற்றும் முறை இது. நல்ல கணினி ஒன்றில் அப்பதிப்பின் கோப்பைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எட்சர், ரூபஸ் போன்ற கருவியால் எழுதவேண்டும். கோப்பை வெறுமனே இழுத்துப் போட்டால் ஏறாது. பிறகு பழைய கணினியில் பென் டிரைவைச் செருகி, இயக்கும் அந்நொடியில் எஃப்12 பொத்தானை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில நிறுவனக் கணினிகளில் பொத்தான் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் திரையில் விரியும். இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, விசைப்பலகை ஒழுங்காக அடிக்கிறதா என்று அங்கேயே சோதித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டும் நிறுவலாம். நிறுவுவதற்கு முன் உள்ளே உள்ளவற்றைப் படியெடுத்தல் கட்டாயம். அழிந்த பின் மீட்க இயலாதவை அவற்றுள் உண்டு. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நிறுவியபின் நினைவகத்தை அழுத்திப் பயன்படுத்தும் ஜீரேம் என்னும் ஏற்பாட்டைச் செய்துகொண்டால் 2 ஜிபி கணினியும் மூச்சு விடும். பொங்கலுக்கு ஊருக்குச் செல்வோர் துணிகளைப் பையில் திணித்து, முழங்காலால் அழுத்தி மூடுவார்களே, அதே வித்தை. உலாவியில் ஒரு நேரத்தில் இரண்டு பக்கங்களுக்கு மேல் திறக்காதிருக்கப் பழகவேண்டும். பாடக் காணொளிகளைத் தரம் குறைத்து, 360 என்று அமைத்துப் பார்த்தால் தடையின்றி ஓடும். கரும்பலகை எழுத்துக்கு அத்தரமே போதும். தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் தமிழில் தட்டச்சு பழகட்டும். கடிதம் எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

எல்லாம் இயலும் என்று நாம் கூறவில்லை. விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் இதில் ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். புதிய விளையாட்டுகளைக் கேட்கும் பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள்; அதில் எமக்கு வருத்தமில்லை. தாய்ப்பலகையே எரிந்துபோன கணினிக்குச் செலவழிப்பது வீண். அதன் நினைவகத்தையும் திரையையும் மின்னூட்டியையும் எடுத்து, மற்றொன்றைப் பிழைக்கவைக்கலாம். அவ்வாறு இரண்டு சேர்ந்து ஒன்றானவை எம் பள்ளியில் ஓடுகின்றன.

கடந்த ஆண்டு ஒரு மாணவி தம் வீட்டு மடிக்கணினியைக் கொண்டு வந்தாள். அது அவளுடைய சித்தப்பா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றது. அவர் இப்பொழுது திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அவள் தந்தை 2024-இல் இறந்தவர்களுள் ஒருவர். கணினியை இயக்க இருபது நிமிடம் ஆயிற்று. எம் மாணவர்கள் லினக்ஸ் ஏற்ற முற்பட்டபோது, "உள்ளே என்ன இருக்கிறது பார், முதலில் எடு" என்றோம். திறந்தால், சித்தப்பா அக்காலத்தில் இணையப் படப்பிடிப்பியில் எடுத்த படங்கள். அவற்றுள் ஒன்றில் அவள் தந்தை, அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, கோமுகி ஆற்றங்கரையில் நின்று சிரிக்கிறார். அவளுக்கு அப்பொழுது மூன்று வயது இருக்கலாம். வீட்டில் இருந்த ஒரே படம், சான்றிதழுக்காக எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படம். அதைத்தான் மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் ஒருவரும் பேசவில்லை. இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தோம். ஒன்று போதாது என்று அவளே சொன்னாள்.

பின்னர் அக்கணினியில் தூசி நீக்கி, காசு மின்கலம் மாற்றி, லுபுண்டு ஏற்றினோம். தட்டு மாற்ற அப்பொழுது பணமில்லை. அதிலேயே தன் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று. கடவுச்சொல்லை எமக்கும் காட்டவில்லை. திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். அதுவே முறை என்று மற்ற மாணவர்களுக்குச் சொன்னோம்.

கல்வராயன் மலையைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பல சிற்றூர்களில் இணையத் தொடர்பு விட்டு விட்டே கிடைக்கிறது. அங்குள்ள பழங்குடிப் பிள்ளைகளுக்கு இணையம் இல்லாத மடிக்கணினியாலும் பயனுண்டு. கிவிக்ஸ் என்னும் விலையில்லா மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமின்றியே படிக்கலாம். பாடநூல்கள் யாவும் கோப்புகளாகக் கிடைக்கின்றன. கள்ளக்குறிச்சியில் ஒரு பென் டிரைவில் நிரப்பி, மலைப்பேருந்தில் கொடுத்தனுப்பினால் போதும். பழைய கணினி ஒரு நூலகமாகிவிடும். மலையில் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவர் இதனைக் கேட்டுவிட்டு, "மின்சாரம்?" என்றார். சரியான வினாதான். காற்றும் மழையும் அடித்தால் இரண்டு நாள் மின்சாரம் வாராத இடங்களுக்கு நல்ல மின்கலம் உள்ள கணினிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். ஆகவே மின்கலம் நன்றாக உள்ளவற்றைத் தனியே குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மகிழ்ச்சி. பள்ளிப் பிள்ளையின் கைக்கு அது வரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரிப் படி ஏறியிருக்க வேண்டுமே! பரண்மேல் உள்ளது இன்றே கிடைக்கும்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இதுதான். சனிக்கிழமை பிற்பகல்தோறும் இம்மண்டபத்தில் ஒரு மேசையும், இரண்டு மின் இணைப்பும், சிறு திருகாணிகள் அடங்கிய ஒரு பெட்டியும், பென் டிரைவ்கள் சிலவும் இருந்தால், எம் பள்ளியின் முன்னாள் மாணவர் மூவர் வந்து அமரச் சித்தமாக இருக்கிறார்கள். கொண்டு வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவேட்டில் எண் இட்டு, என்ன நோய், என்ன செய்தோம், எவ்வுறுப்பு மாற்றினோம் என்று எழுதி வைக்கவேண்டும். திடநிலைத் தட்டு வாங்க இயலாதவர்க்கு விழா நிதியில் எஞ்சும் தொகையிலிருந்து உதவலாமா என்பதைச் செயற்குழு முடிவு செய்யட்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொடங்கவேண்டும் என்பது மட்டும் எம் விருப்பம்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் சனிக்கிழமை, உள்ளே தேடிப் பார்த்து எடுத்து வாருங்கள். உடைந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டா. மின்னூட்டியை மறவாது கொண்டு வருக. பாதிப்பேர் அதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். இட்டிலித் தட்டு எம்மிடம் இருக்கிறது.